நோட்ஸ் பார்த்து வாசிக்கையில் எங்கே சிக்குகிறது? கீபோர்டு பழகுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கீபோர்டு வாங்கி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். காதால் கேட்டு இரண்டு மூன்று சினிமாப் பாட்டு வாசிக்க வந்திருக்கும். அப்புறம் கிரேடு தேர்வுக்கோ, சர்ச் கொயருக்கோ, வெறும் ஆசைக்கோ ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் நோட்டுகளை எழுதும் மேற்கத்திய முறை) புத்தகத்தைத் திறந்தால் கை அப்படியே நின்றுவிடும். கும்பகோணத்தில் என்னிடம் பழக வருபவர்களில் நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள். "விரல் வரமாட்டேங்குது சார்" என்பார்கள். பார்த்தால் விரல் நன்றாகத்தான் இருக்கும். கண்தான் தாளில் பார்க்கவேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

புத்தகத்தில் உள்ளதைத்தான் அழுத்துகிறேன், ஆனால் வீடியோவோடு சேரவில்லை

முதலில் கருவியைச் சோதியுங்கள், உங்களை அப்புறம் சந்தேகப்படலாம். டிரான்ஸ்போஸ் எண் 0 என்று இருக்கிறதா? வீட்டில் யாராவது பாடுகிறவருடைய ஸ்ருதிக்காக அதை 2 ஏற்றி வைத்திருந்தால், நீங்கள் சி அழுத்தும்போது டி கேட்கும். பல கீபோர்டுகளில் அணைத்துப் போட்டால் இது பழைய நிலைக்கு வந்துவிடும். சிலவற்றில் வராது. திரையில் பார்த்து உறுதி செய்வதே நல்லது. ஆக்டேவ் மாற்றும் பட்டனையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இடது பக்கம் ஒற்றைக் கட்டையை அழுத்தினால் முழுக் கார்டும் டிரம்ஸோடு சேர்ந்து ஒலிக்கிறது என்றால் ஆட்டோ அக்கம்பனிமென்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நொட்டேஷன் பழகும் காலம் முழுக்க அது அணைந்தே இருக்கட்டும்.

அடுத்தது மிடில் சி. 61 கட்டை கீபோர்டில் இடது ஓரத்திலிருந்து வெள்ளை, கருப்பு எல்லாம் சேர்த்து எண்ணினால் 25-வது கட்டை, வெள்ளையை மட்டும் எண்ணினால் 15-வது. இதைப் பல இடங்களில் சி4 என்பார்கள், யமஹா கருவிகளில் சி3 என்று இருக்கும். இரண்டும் ஒரே கட்டைதான், எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முதல் பத்துப் பக்கம் நன்றாக வந்தது, அதற்கப்புறம் எல்லாமே தப்பு

நோட்டின் மேல் சின்னதாக 1, 2, 3 என்று இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் இதுவரை படித்து வந்திருக்கிறீர்கள். அவை விரல் எண்கள். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஆரம்பப் புத்தகங்களில் வலது கட்டைவிரல் சி-யில் நிற்பதால் 1 என்றால் சி, 2 என்றால் டி என்று தற்செயலாகப் பொருந்திவிடும். கை ஜி-க்கு நகர்கிற பக்கம் வந்தவுடன் அந்தக் கணக்கு உடைந்துவிடும். இடது கைக்கும் கட்டைவிரல்தான் 1 என்பதால் அங்கே சி டி ஈ எஃப் ஜி வாசிக்க 5, 4, 3, 2, 1 என்று வரும். எண்களை ஒரு ஸ்கேலால் மறைத்துக்கொண்டு பழைய பாடம் ஒன்றை வாசித்துப் பாருங்கள். தடுமாறினால் காரணம் இதுதான்.

ஒவ்வொரு நோட்டுக்கும் கீழிருந்து கோட்டை எண்ண வேண்டியிருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஐந்து கோடுகளுக்கும் நான்கு இடைவெளிகளுக்கும் ஆங்கிலத்தில் மனப்பாட வாக்கியங்கள் உண்டு, எல்லாப் புத்தகமும் அதைத்தான் முதலில் கொடுக்கும். நான் கொடுப்பதில்லை. வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர்கள் நான்காவது கோட்டைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் முதல் கோட்டிலிருந்து ஒப்பிக்கிறார்கள். அதற்குள் தாளம் இரண்டு தட்டு தாண்டிவிடும்.

அதற்குப் பதில் மூன்றே மூன்று இடங்களைக் கண்ணை மூடினாலும் தெரியும்படி பதித்துக்கொள்ளுங்கள். கிளெஃப் என்பது வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய குறி, பெரும்பாலும் வலது கைக்கு ட்ரெபிள், இடது கைக்கு பேஸ். ட்ரெபிள் கிளெஃபின் சுழி எந்தக் கோட்டைச் சுற்றிக்கொள்கிறதோ, அதாவது கீழிருந்து இரண்டாவது கோடு, அது ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு, கீழிருந்து நான்காவது, அது எஃப். இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் தனியாகச் சின்னக் கோடு போட்டு நிற்பது மிடில் சி. மிடில் சி-யை ஒன்று என்று எண்ணி மேலே ஐந்தாவது வெள்ளைக் கட்டை அந்த ஜி, கீழே ஐந்தாவது அந்த எஃப். ஒரு வாரம் இந்த மூன்றும் போதும். பிறகு ட்ரெபிளின் மூன்றாவது இடைவெளியையும் பேஸின் இரண்டாவது இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டுமே சி.

மற்ற நோட்டுகளுக்குப் பெயரே தேவையில்லை, தூரம் போதும். கோட்டிலிருந்து ஒட்டியிருக்கும் இடைவெளிக்குப் போனால் பக்கத்துக் கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை விட்டுத் தாண்ட வேண்டும். இடைவெளியிலிருந்து இடைவெளிக்கும் அப்படியே.

ஒன்றைச் செய்து பார்க்கலாம். ட்ரெபிள் ஸ்டாஃபில் ஆறு நோட் இருக்கிறது: இரண்டாவது கோடு, அதன் மேல் இடைவெளி, மூன்றாவது கோடு, நான்காவது கோடு, மீண்டும் மூன்றாவது கோடு, இரண்டாவது கோடு. முதல் நோட் ஜி என்று தெரியும். அதில் விரலை வைத்துவிட்டு, "ஏறு, ஏறு, தாண்டி ஏறு, தாண்டி இறங்கு, தாண்டி இறங்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். ஜி ஏ பி டி பி ஜி வந்துவிட்டது. ஆறு நோட்டில் ஒன்றுக்குத்தான் பெயர் தேவைப்பட்டது.

இந்தப் பழக்கத்துக்குத் தினமும் புதுப் பக்கம் வேண்டும். பழைய பாடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தால் மூன்றாவது முறைக்குள் காது மனப்பாடம் செய்துவிடும், கண் ஓய்வெடுக்கப் போய்விடும். நீங்கள் இருக்கும் கிரேடுக்கு ஒரு படி கீழே உள்ள எளிய புத்தகம் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, தினம் நாலு வரி, திரும்பிப் பார்க்காமல் வாசியுங்கள். தப்பு வந்தாலும் போகட்டும்.

பென்சிலில் எழுத்து எழுதினால்தான் வாசிக்க வருகிறது

அழித்துவிடுங்கள். எழுத்து இருக்கும்வரை கண் அதைத்தான் படிக்கும், மேலே இருக்கும் நோட் வெறும் அலங்காரம். ஒரேயடியாக அழிக்கப் பயமாக இருந்தால் ஒவ்வொரு வரியின் முதல் நோட்டுக்கும், பெரிய தாவல் வரும் இடத்துக்கும் மட்டும் விட்டு வையுங்கள். கட்டைகளின் மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் அதே வைத்தியம். முதலில் சி தவிர மற்றதையெல்லாம் உரித்துவிட்டு, அடுத்த வாரம் அதையும் எடுத்துவிடலாம்.

ஸ ரி க ம தெரியும், ஆனால் இந்த நொட்டேஷன் ஒட்டவே இல்லை

நம் பக்கத்தில் இதுதான் பெரிய சிக்கல், சரியாகப் பிடித்துக்கொண்டால் இதுவே பெரிய அனுகூலம். பாட்டு கற்றவர்கள், நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கொயரில் ஸொல்ஃபா பார்த்துப் பாடியவர்கள், எல்லோருக்கும் ஸட்ஜம் நகரும் என்று தெரியும். யாராவது ஒருவர் முதல் நாளே "சி-தான் ஸ" என்று சொல்லிக் கொடுத்திருப்பார். முதல் புத்தகம் முழுக்க சி மேஜரில் இருப்பதால் வண்டி ஓடும். ஜி மேஜர் பாடம் வந்ததும் ஜி-யைப் 'ப' என்று படித்து, பாட்டு 'ப'-வில் முடிகிறதே என்று விழிப்பார்கள்.

விரலுக்கு எழுத்து, காதுக்கு ஸ்வரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எது ஸட்ஜம் என்று சொல்வது வரியின் தொடக்கத்தில் கிளெஃபை ஒட்டி நிற்கும் ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) அல்லது ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி) கூட்டம், கீ சிக்னேச்சர். உங்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியுமென்றால் இது இன்னும் எளிது. சி ஒரு கட்டை, டி 2 கட்டை, எஃப் 4 கட்டை, ஜி 5 கட்டை. ஜி மேஜர் என்றால் 5 கட்டை ஸ்ருதியில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், அவ்வளவுதான். சங்கராபரணத்துக்குக் காகலி நிஷாதம் வேண்டும். 5 கட்டையில் அது வெள்ளை எஃப்-இல் கிடைக்காது, அரை ஸ்வரம் மேலே இருக்கும் கருப்புக் கட்டையில்தான் கிடைக்கும். கீ சிக்னேச்சரில் இருக்கும் ஒற்றை ஷார்ப் அதற்காகத்தான்.

திருவையாற்றிலிருந்து ஒரு பெண் வருகிறாள், வர்ணம் வரை பாடியவள். ஜி மேஜர் பாடம் ஒன்றைத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தாளைக் காட்டவில்லை.

"என்ன ராகம்மா கேட்குது?"

"சங்கராபரணம்தானே சார்..." என்று மறுபடி கடைசி வரியை வாசித்தாள். "இல்ல, நிஷாதம் இறங்கியிருக்கு. ஹரிகாம்போதி."

அப்புறம் அவளாகவே வரியின் தொடக்கத்தைப் பார்த்து, எஃப் கோட்டில் உட்கார்ந்திருந்த ஷார்ப்பைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து பாட்டு தெரிந்தவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறேன். (கமகம் இல்லாத வெறும் ஆரோகண அவரோகணம் என்ற அளவில்தான் ராகப் பெயரைச் சொல்கிறேன், வித்வான்கள் மன்னிக்கவும்.)

ஒரு ஷார்ப் உள்ள ஜி மேஜரில் எஃப் ஷார்ப்பை மறந்தால் ஹரிகாம்போதி கேட்கும். ஒரு ஃபிளாட் உள்ள எஃப் மேஜரில் பி ஃபிளாட்டை மறந்தால் மத்தியமம் ஏறி கல்யாணி ஆகிவிடும். இரண்டு ஷார்ப் உள்ள டி மேஜரில் தப்பு மூன்று விதமாக வரலாம்: சி ஷார்ப்பை மட்டும் விட்டால் ஹரிகாம்போதி, எஃப் ஷார்ப்பை மட்டும் விட்டால் கௌரிமனோகரி, இரண்டையும் விட்டால் கரகரப்ரியா. எதை விட்டீர்கள் என்று காதே சொல்லிவிடும். ஏ மைனரில் கீ சிக்னேச்சர் காலியாக இருக்கும், ஆனால் பாட்டுக்குள் அங்கங்கே ஜி-க்கு ஷார்ப் போட்டிருப்பார்கள். அதோடு வாசித்தால் கீரவாணி, விட்டுவிட்டால் நடபைரவி.

ஸட்ஜத்தைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழியும் உண்டு. மேஜர் பாட்டில் கடைசியாக எழுதியிருக்கும் ஷார்ப்தான் 'நி'. அதற்கு அரை ஸ்வரம் மேலே ஸ. ஃபிளாட்டாக இருந்தால் கடைசி ஃபிளாட் 'ம', அங்கிருந்து ம க ரி ஸ என்று இறங்கினால் ஸ. கீ சிக்னேச்சர் காலியாக இருந்தால் சி மேஜரா ஏ மைனரா என்று இடது கையின் கடைசி நோட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அது ஸ-வில்தான் முடியும்.

இதைப் பழக வெளியே தேட வேண்டாம். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், மேற்கத்திய பேண்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் எழுதிய நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. 'சியாமளே மீனாக்ஷி' பாடாத குழந்தை பாட்டு வகுப்பில் இருக்காது. ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. முதலில் சி-யில் வாசியுங்கள்: சி சி ஜி ஜி ஏ ஏ ஜி, எஃப் எஃப் ஈ ஈ டி டி சி. அப்புறம் அதையே எஃப்-இல் தொடங்கி எழுதிப் பாருங்கள்: எஃப் எஃப் சி சி டி டி சி, அடுத்தது 'ம'. அது பி-யில் விழுகிறது, ஃபிளாட் இல்லாமல் வாசித்தால் உடனே கரகரக்கும். நீங்களே ஐந்து கோடு போட்டு, நீங்களே கீ சிக்னேச்சர் எழுதி வாசித்தால் ஒரே உட்காரலில் புரிந்துவிடும். நாலு பக்க விளக்கத்தில் அது வராது.

நோட்டெல்லாம் சரி, ஆனால் என்ன பாட்டு என்றே தெரியவில்லை

கட்டை சரி, நேரம் தப்பு. நம் ஸ்வரப் புத்தகங்களில் கார்வையைத் தனியாகக் காட்டுவார்கள்: 'ஸ ,' என்றால் இரண்டு, 'ஸ ;' என்றால் மூன்று. ஸ்டாஃபில் அந்தக் கால்புள்ளி, அரைப்புள்ளி வேலையை நோட்டின் உருவமே செய்கிறது. உள்ளே கருத்துக் குச்சியோடு இருப்பது ஒரு தட்டு. உள்ளே வெள்ளையாக, குச்சியோடு இருந்தால் இரண்டு. வெள்ளையாக, குச்சியே இல்லாமல் இருந்தால் நான்கு. கருத்த நோட்டின் குச்சியில் ஒரு வால் இருந்தால் அரை. டிரினிட்டி கிரேடு தேர்வுப் புத்தகங்களில் இவற்றை கிராட்செட், மினிம், செமிபிரீவ், குவேவர் என்பார்கள். அமெரிக்க வீடியோக்களில் குவாட்டர், ஹாஃப், ஹோல், எய்ட்த். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு நோட்டுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை நம்பாதீர்கள், அது அச்சடித்தவர் வசதி.

கீபோர்டில் பியானோ டோன் போட்டுப் பழகுபவர்களுக்கு இந்தத் தப்பு தெரியாமலே போகும், ஏனென்றால் பியானோ சத்தம் தானாகத் தேய்ந்துவிடும். டோனை ஆர்கனுக்கு மாற்றி அதே வரியை வாசியுங்கள். இரண்டு தட்டு பிடிக்க வேண்டியதை ஒன்றரையில் விட்டால் ஓட்டை விழுவது கேட்கும். ரெஸ்ட் (மௌனக் குறி) வரும் இடத்தில் கையை எடுக்க மறந்தால் சத்தம் நீண்டுகொண்டே போகும். பழகும்போது ஆர்கன், கச்சேரிக்குப் பியானோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் புள்ளி வைத்த நோட் ஒரு தனித் தொல்லை. புள்ளி, அந்த நோட்டின் பாதி அளவைக் கூட்டுகிறது. ஒன்றுக்குப் புள்ளி வைத்தால் ஒன்றரை, இரண்டுக்கு வைத்தால் மூன்று. ஒன்றரையும் அதைத் தொடர்ந்து அரையும் வரும் இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டையும் சமமாக வாசித்துவிடுவார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வரும் தவில்காரர் வீட்டுப் பையன், லயத்தில் யாராலும் அசைக்க முடியாதவன், அவனும் இங்கேதான் நின்றான். "இந்த ரெண்டு தட்டுக்கும் சொல்லு சொல்லுப்பா" என்றேன். தகதிமி என்றான். 'த'-வில் முதல் நோட்டை அழுத்து, 'க', 'தி' போகட்டும், 'மி'-யில் அடுத்ததை அழுத்து என்றதும் கை தானாக வந்துவிட்டது. அது 'ஸ ; ரி' என்பதைத் தவிர வேறில்லை.

இந்தச் சொற்கட்டு முறை எல்லா இடத்துக்கும் உதவும். ஒரு தட்டில் இரண்டு நோட் என்றால் தக. நான்கு என்றால் தகதிமி. மூன்று நோட்டைச் சேர்த்து மேலே 3 போட்டிருந்தால் தகிட. டைம் சிக்னேச்சர் (தொடக்கத்தில் இருக்கும் தாளக் குறி) 4/4 என்றால் இரண்டு பார் (குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) சேர்த்து ஓர் ஆதி தாள ஆவர்த்தனம் போட்டுக்கொள்ளலாம். 6/8-ஐ ஆறு தட்டாக எண்ணினால் பாட்டு இழுத்துக்கொண்டு கிடக்கும், இரண்டு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தகிட என்று நடத்துங்கள்.

முதல் பாரில் ஒரே ஒரு நோட் மட்டும் இருந்து, கணக்கு உதைக்கிறதா? அச்சுப் பிழை இல்லை. பாட்டுக்கு எடுப்பு சமத்தில் இல்லை. 4/4-இல் மூன்று தட்டு சும்மா போட்டுவிட்டு நான்காவதில் தொடங்குங்கள். அந்த ஒரு தட்டைக் கடைசி பாரில் குறைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வலது கை நன்றாக இருக்கிறது, இடது கை சேர்ந்தால் அபஸ்வரம்

இடது கை பேஸ் கிளெஃபை ட்ரெபிள் என்று நினைத்துப் படிக்கிறது. சோதிப்பது எளிது. இடது கை வாசிக்கும் ஒவ்வொரு நோட்டையும் இரண்டு எழுத்து மேலே மாற்றிப் பாருங்கள், ஈ வாசித்த இடத்தில் ஜி, ஏ வாசித்த இடத்தில் சி. இசைந்துவிட்டால் வேறு காரணம் தேட வேண்டாம். ட்ரெபிளின் அடிக் கோடு ஈ, பேஸில் அதே கோடு ஜி. எல்லா இடத்திலும் இதே வித்தியாசம்தான்.

ஆனால் "ட்ரெபிளில் படித்து இரண்டு கூட்டு" என்று கணக்குப் போட்டே வாசிக்கப் பழகாதீர்கள், கடைசிவரை அந்தக் கூட்டலிலிருந்து மீள மாட்டீர்கள். எஃப் கோட்டிலிருந்தும் மிடில் சி-யிலிருந்தும் தூரம் பார்த்துப் படிக்கப் பழகுங்கள். இரண்டு வாரத்துக்கு வலது கையைத் தொடவே வேண்டாம், பேஸ் வரியை மட்டும் வாசியுங்கள். போரடிக்கும், வேறு வழி இல்லை. எலக்ட்ரானிக் கீபோர்டு புத்தகங்கள் பலவற்றில் இடது கைக்குக் கார்டு பெயர் மட்டும் மேலே எழுதியிருப்பதால், சில மாணவர்கள் மூன்று கிரேடு தாண்டியும் பேஸ் கிளெஃபைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். பின்னால் பியானோவுக்கு மாற ஆசைப்பட்டால் அன்று அழ வேண்டியிருக்கும்.

அதே பாரில் முதல் முறை சரி, அடுத்த முறை தப்பு

நடுவில் வரும் ஷார்ப்போ ஃபிளாட்டோ அந்த பார் முடியும்வரை செல்லும், அதே கோடு அல்லது இடைவெளியில் இருக்கும் நோட்டுக்கு மட்டும். அடுத்த பாரில் ரத்து. கீ சிக்னேச்சரில் உள்ளது அப்படி இல்லை, மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி எல்லாவற்றுக்கும், பாட்டு முழுக்க. நடுவில் அதை ஒரு பாருக்கு மட்டும் நீக்க நேச்சுரல் குறி போடுவார்கள்.

மேலே புள்ளி, வளைந்த கோடு, சின்னக் கோடு வந்தால் குழப்பம்

நம் ஸ்வரப் புத்தகத்தில் பழகியவர்கள் நோட்டின் மேல் புள்ளியைப் பார்த்ததும் தாரஸ்தாயிக்குத் தாவுவார்கள். இங்கே மேலேயோ கீழேயோ உள்ள புள்ளிக்குப் பொருள் வெட்டி எடுத்து வாசி என்பது, ஸ்டக்காட்டோ. பக்கத்தில் இருந்தால்தான் முன்னே சொன்ன நீட்டல் புள்ளி. மேலே சின்னக் கோடு இருந்தால் வேகம் இரட்டிக்காது, அந்த நோட்டை முழு அளவுக்கும் நிறுத்தி வாசிக்க வேண்டும். வளைகோடு ஒரே நோட்டிலிருந்து அதே நோட்டுக்குப் போனால் டை, இரண்டாவதைத் திரும்ப அழுத்தக் கூடாது. வேறு வேறு நோட்டுகளைச் சேர்த்தால் ஸ்லர், விட்டுப்போகாமல் சேர்த்து வாசி.

ஜெராக்ஸ் எடுத்த தாளில் இந்தப் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும், புதிதாகவும் முளைக்கும். சந்தேகமாக இருந்தால் பாரின் மொத்தத்தைக் கூட்டுங்கள். 4/4 பாரில் மூன்றரைதான் வருகிறது என்றால் எங்கோ ஒரு கிராட்செட்டின் புள்ளி விழுந்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் தாள் நமுத்துப் போகிற வீடுகளில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றுக்கு இரண்டு துணிக் கிளிப்.

கையைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தால் வரி தொலைந்துவிடுகிறது

கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வாசியுங்கள். கருப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருப்பது தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வசதி. இரண்டின் நடுவில் டி, இரண்டுக்கு இடது ஒட்டி சி, மூன்றுக்கு இடது ஒட்டி எஃப். முதல் நாள் சிரிப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் துண்டு தேவைப்படாது.

தப்பு வந்த உடனே வரியின் தொடக்கத்துக்கு ஓடுகிறவர்களுக்கும் இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் பாரை ஒரு பழைய போஸ்ட் கார்டால் மறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். பின்னால் போக வழியில்லாதபோது கண் தானாக முன்னால் போகும்.

சர்ச் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே இடத்தில் நாலு நோட் நிற்கிறது

தரங்கம்பாடியிலிருந்தும் பூண்டிப் பக்கத்திலிருந்தும் வருபவர்கள் கேட்கும் கேள்வி. கீர்த்தனைக்கு வாசிக்க அழைத்து, கையில் நான்கு குரல் ஹிம் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். மேல் ஸ்டாஃபில் குச்சி மேல் நோக்கி இருப்பது சொப்ரானோ, கீழ் நோக்கி இருப்பது ஆல்டோ. கீழ் ஸ்டாஃபில் மேல் குச்சி டெனர், கீழ் குச்சி பேஸ். முதல் மாதம் நான்கையும் வாசிக்க முயலாதீர்கள். சபை பாடுவது சொப்ரானோ வரி, அதை வலது கையில் எடுங்கள். பேஸ் வரியை மட்டும் இடது கையில் எடுங்கள். இந்த இரண்டு வரியே பாட்டைத் தாங்கிவிடும். அது தடங்கலின்றி வந்த பிறகு வலது கையின் மற்ற விரல்களால் ஆல்டோவைச் சேருங்கள், டெனரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சபைக்கு ஸ்ருதி உயரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் டிரான்ஸ்போஸைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆராதனை முடிந்ததும் 0-வுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.